கொச்சம்மாவுக்கு வாழ்த்துகள்

மீன் வெட்டிக்கொண்டிருந்த ஜினியின் இரண்டு கைகளிலும் செதிலும் ரத்தமுமாக இருந்ததால், போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் கணவர், போதகர் சத்தியதாஸ், நிற்க வேண்டியதாயிற்று.

அழைப்பு வந்தது அவருடைய போனுக்குத்தான். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை அடுத்துள்ள இறையியல் கல்லூரியின் எண் என்று தெரிந்ததும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, "ஸ்தோத்திரம்" என்று கனமான குரலில் ஆரம்பித்தார். அலுவலகப் பெண் மலையாளத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினாள். கிறிஸ்தவத் தலைமைத்துவத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு வந்த திட்டங்களைக் குழு பார்த்துவிட்டது. அவருடைய, அதாவது அச்சனுடைய, திட்டத்தைத் திருத்தி அடுத்த வருடம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கொச்சம்மாவுடையதை, அதாவது ஜினியுடையதை, எடுத்துக்கொண்டார்கள். வருகிற வியாழக்கிழமை நேரில் வந்து குழுவின் முன்னால் விளக்கிப் பேச வேண்டும். போனைக் கொஞ்சம் கொச்சம்மாவிடம் கொடுக்கலாமா?

கொடுக்காமல் என்ன செய்வது? அவர் சமையலறைக்கு வந்து அவள் காதில் போனை வைத்தார். ஜினி "ஓ" என்றாள், "சரி" என்றாள், வருவதாக, "வராம்" என்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மேலே வரப் பார்த்ததையும், அதை அவள் பிடித்து உள்ளே தள்ளியதையும் அவர் வெகு அருகில் நின்று பார்த்தார். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தமக்காக அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

பேசி முடித்ததும் அவள், "உங்களுக்குள்ளது?" என்று மெல்லக் கேட்டாள்.

"திருத்தணுமாம்" என்றார் அவர். "குழம்புக்குப் புளி குறைச்சு விடு. நேத்து கூடிப் போச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நேற்று அந்த வீட்டில் மீன் குழம்பே வைக்கவில்லை; சாம்பார்தான்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் ஊர் அது. அங்கே தமிழ்ச் சபைகளில்கூடப் போதகரை அச்சன் என்றும் அவர் மனைவியைக் கொச்சம்மா என்றும்தான் அழைப்பார்கள். அச்சனுக்குப் பெயர் உண்டு. சத்தியதாஸ் அச்சன், அவருக்கு முன்னால் இருந்த அச்சன், அதற்கும் முன்னால் இருந்தவர் என்று வரிசையாகக் கோயில் முகப்பில் சலவைக்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொச்சம்மாவுக்குப் பெயர் கிடையாது. மாற்றல் வரும்போது ஒரு கொச்சம்மா போவாள், இன்னொரு கொச்சம்மா வருவாள். வந்த அன்றே பெண்கள் சங்கத்தின் தலைவி நாற்காலி அவளுக்கு. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, சாவு வீட்டில் அழுகிறவர்களைப் பிடித்துக்கொள்வது, அசன விருந்தில் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பது எல்லாம் அவள் தலையில் விழும். சம்பளம் இல்லை, நியமனம் இல்லை, சபைக் கமிட்டியில் இடமும் இல்லை. அச்சனைக் கட்டிக்கொண்டதே அவளுக்கு நியமனம்.

ஜினி இறையியலில் முதுகலை படித்தவள். வகுப்பில் முதலாவதாக வந்தவள். கல்யாணத்தின்போது சத்தியதாஸின் வீட்டார் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பெருமையாகச் சொன்ன பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவள் அதைத் திரும்ப எடுத்தது, கணவருடைய ஆய்வுத் திட்டத்தைத் தட்டச்சு செய்து கொடுக்க உட்கார்ந்தபோதுதான்.

அவருடைய தலைப்பு சேவைத் தலைமைத்துவம். ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை முன்மாதிரியாக வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். தாம் குடித்த டம்ளரை ஒரு நாளும் கழுவாத மனிதர் பாதம் கழுவுவதைப் பற்றி அவ்வளவு உருக்கமாக எழுதியதைப் பார்த்து ஜினி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்றுதான் பட்டது. ஆராய்ச்சித் திட்டம் என்றால் அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். யாருக்கும் இன்னும் பதில் தெரியாத கேள்வி. "இதுல கேள்வி இல்லியே" என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்த பிறகு எதற்குக் கேள்வி என்று அவர் கேட்டார். அவள் தட்டச்சு செய்து முடித்தாள். ஆனால் அந்தக் கேள்வி இல்லாத தாள்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு முன்னால் இந்த அடுக்களையில் நின்றவள் பெயர் என்ன?

கேட்டுத்தான் பார்ப்போமே என்று சபையில் வயதானவர்களிடம் கேட்டாள். ஸ்கூட்டர் ஓட்டியவள் வண்டிக் கொச்சம்மா. நன்றாகப் பாடியவள் பாட்டுக் கொச்சம்மா. கமிட்டியோடு மல்லுக்கு நின்ற ஒருத்தி சண்டைக் கொச்சம்மா. ஒரு கொச்சம்மா இந்த ஊரிலேயே இறந்துபோய்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாள். கல்லில் அச்சனின் பெயரைப் போட்டு, அன்னாரின் அன்பு மனைவி என்று எழுதியிருக்கிறது. செத்த பிறகும் அவளுக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கல்லின் முன்னால் நின்றபோதுதான் ஜினிக்குத் தன் ஆராய்ச்சி எது என்று தெரிந்தது. தென்கேரளத் தமிழ்ச் சபைகளில் நியமனம் இல்லாமல் தலைமை செய்யும் போதகர் மனைவியர்.

அவள் சுசீலாபாயையும் போய்ப் பார்த்தாள். சுசீலாபாயும் அவள் கணவரும் சந்தை முக்கில் வாழைக்குலைக் கடை வைத்திருந்தார்கள். பெண்கள் சங்கத்தில் சுசீலாபாய் துணைத் தலைவி. எத்தனை வருடமாக என்று கேட்டால், எந்தக் கொச்சம்மா காலத்திலிருந்து என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். நோயாளி வீட்டுக்கு யார் போவது, வருடாந்தரக் கன்வென்ஷன் கூட்டத்துக்கு யார் சமைப்பது, யார் வீட்டுச் சண்டையில் யார் பேசுவது எல்லாவற்றையும் குலைக்கு விலை சொல்லிக்கொண்டே முடிவு செய்கிறவள் அவள்தான். ஜினி தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். சுசீலாபாய் கைப்பிசுக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்குப் பேருதான் இல்லாமப் போச்சு, கொச்சம்மா" என்றாள் கடைசியில். "எங்களுக்கு அந்த நாற்காலியே இல்லியே."

ஜினிக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. ஊர்ப் பெண்களுக்குக் கொச்சம்மாக்கள் மேல் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பேச்சு அவள் திட்டத்தில் இடம் பெறவில்லை. சிக்கல் என்ன, இதுவரை யாரும் எழுதாதது என்ன, யாரை எப்படிச் சந்திப்பது என்று முறையாக எழுதி முடித்து, கணவருடைய தாள்களோடு தன்னுடையதையும் சேர்த்து அனுப்பினாள். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினாள். அவர் சிரித்து, அனுப்பேன் என்றார். குழந்தை கடையில் பொம்மையைத் தொட்டுப் பார்ப்பதற்கு அனுமதி கொடுப்பதுபோல்தான் அனுமதி கொடுத்தார்.

இப்போது பொம்மை அவள் கையில் வந்துவிட்டது.

அழைப்பு வந்த சனிக்கிழமை முதல் சத்தியதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. தாம் பொறாமைப்படுகிறோம் என்று அவர் தமக்குள்ளே ஒத்துக்கொள்ளவில்லை. சபையின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவதாக நினைத்துக்கொண்டார். ஆனால் அது பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை. சாப்பாட்டு மேசையில் அவள் புத்தகம் திறந்து கிடந்தால் அதன் மேல் தட்டை வைத்தார். அவள் படிக்க உட்கார்ந்தால் அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. குடும்ப ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. பெருமையுள்ளவர்களை ஆண்டவர் தாழ்த்த வேண்டும் என்று அவர் மன்றாடியபோது ஜினி கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள் டாக்டர் ஜினி ஆகிவிட்டால் தாம் யார்? அச்சனின் மனைவிக்குக் கொச்சம்மா என்று ஒரு பட்டம் இருக்கிறது. டாக்டரின் கணவனுக்கு என்ன பட்டம் என்று எந்தச் சபையும் இதுவரை யோசித்ததில்லை.

கல்லூரியில் ஒரு விதி இருந்தது. விண்ணப்பிப்பவரை அனுப்பும் சபையின் போதகர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். விளக்கக் கூட்டத்துக்கும் நேரில் வந்து, இந்த ஆராய்ச்சி எங்கள் சபைக்குத் தேவை என்று சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கிறவர் எப்போதும் ஓர் ஆணாகத்தான் இருப்பார், அவரே போதகராகவோ போதகருக்கு வேண்டியவராகவோ இருப்பார் என்று நினைத்து யாரோ எழுதிய விதி. போதகரின் மனைவி விண்ணப்பிப்பாள் என்று அதை எழுதியவர்களுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

சத்தியதாஸ் உடனே கையெழுத்துப் போட்டார். ஜினி நன்றி சொன்னாள். போடாவிட்டால் பொறாமை என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். போட்டுவிட்டு, அங்கே போய்க் குழுவின் முன்னால் தாழ்மையாக வேண்டாம் என்று சொன்னால் அதற்குப் பெயர் அக்கறை.

அத்தோடு அவர் நிற்கவில்லை. திங்கள்கிழமை சந்தை முக்குக்குப் போனார். சுசீலாபாய்க்குக் கொச்சம்மாவைக் கண்டால் ஆகாது என்பது அவருக்கு எப்போதோ தெரிந்த விஷயம். கொச்சம்மா படிப்பு, கல்லூரி என்று போய்விட்டால் பெண்கள் சங்கம் குலைந்துபோகும், இதைச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். சுசீலாபாய் ஒரு குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வருகிறேன் என்றாள்.

வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் திருவனந்தபுரத்துத் தம்பானூருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். அச்சனைப் பார்த்ததும் ஒரு பையன் எழுந்து முன்னால் இடம் கொடுத்தான். பெண்கள் இருவரும் நெய்யாற்றின்கரை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுசீலாபாய் எதற்கு வருகிறாள் என்று ஜினி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது. தம்பானூரில் பஸ் மாறிய பிறகும், இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இருவரும் கண்ணைப் பார்த்துக்கொள்ளாமல் கழக்கூட்டம் போகும் வழியில் வரிசையாக நின்ற கம்பெனிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கல்லூரியில் நீளமான மேசைக்குப் பின்னால் குழு இருந்தது. தலைவர் ஞானசிகாமணி வயதானவர், அதிகம் பேசாதவர். ஆராய்ச்சி முறை பற்றிக் கேட்பவர் ஷெமி. சுருக்கமாகப் பேசுகிற, பதில் வரும்வரை பேனாவை அசைக்காமல் வைத்திருக்கிற பெண். ஜினி முதலில் தாளைப் பார்த்தே படித்தாள். பிறகு கல்லறைக் கல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் குரல் வந்துவிட்டது.

நீங்களே ஒரு கொச்சம்மா, உங்களால் நடுநிலையோடு எழுத முடியுமா என்று கேட்டார்கள். முடியாமல் போகும் இடங்களை மறைக்காமல் எழுதுவேன் என்றாள். கணவர் அடுத்த அறையில் இருக்கும்போது எந்தக் கொச்சம்மா மனம் திறந்து பேசுவாள் என்று ஷெமி கேட்டார். வீட்டில் போய்க் கேட்க மாட்டேன், கன்வென்ஷன் பந்தலுக்குப் பின்னால் சமைக்கிற இடத்தில் கேட்பேன், அங்கே அச்சன்மார் வரமாட்டார்கள் என்றாள் ஜினி. ஷெமி சிரித்துக் குறித்துக்கொண்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சத்தியதாஸ் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அவருடைய தாள்களைப் படித்தபோது இந்தப் பெண்மணி சிரித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

அனுப்பும் சபையின் கருத்தைச் சொல்லலாம் என்றார் ஞானசிகாமணி.

சத்தியதாஸ் எழுந்தார். நல்ல பேச்சாளர் அவர். மனைவியின் திறமையை முதலில் வெகுவாகப் புகழ்ந்தார். பிறகு, இந்த ஆராய்ச்சி சபைக்குத் தேவைதானா என்று தமக்கு ஜெபத்தில் ஒரு பாரம் இருப்பதாகச் சொன்னார். கொச்சம்மா என்பது பதவி இல்லை, அது ஒரு குடும்ப உறவு. அதைப் போய்த் தலைமை, உரிமை என்று அளந்தால் சபையின் அன்பு கெட்டுப்போகும்.

"கொச்சம்மா சபைக்கு அம்மாவாக்கும்" என்றார். "பெத்த அம்மாவ யாராவது பேரு சொல்லிக் கூப்பிடுவமா? கூப்பிடல்லங்கிறதுனால மரியாத இல்லன்னு ஆயிருமா?"

கேட்டவர்களில் ஓரிருவர் தலையை ஆட்டினார்கள். நல்ல வாதம்தான். ஷெமி மட்டும் பேனாவை அசைக்கவில்லை.

"கூப்பிட வேண்டாம், அச்சன். ஆனா பெத்த அம்மாவுக்குப் பேரு என்னன்னு கேட்டா நமக்குத் தெரியும் இல்லியா?" என்றார். "உங்களுக்கு முன்னால அந்த வீட்டுல இருந்த கொச்சம்மாவுக்குப் பேரு என்ன?"

சத்தியதாஸ் வாயைத் திறந்தார். பொறுப்பு ஏற்றுக்கொண்ட நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பழைய அச்சன் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சாமான்கள் கட்டி வைத்த நிலையிலும் அந்தக் கொச்சம்மா இருந்த பாத்திரத்தில் சமைத்து மதியம் சோறு போட்டார். நெத்திலிக் கருவாடும் மரச்சீனிக் கிழங்கும். கருவாட்டின் ருசி நாக்குக்கு வந்தது. பெயர் வரவில்லை. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு, அது இங்கே முக்கியமில்லை என்றார். முக்கியமில்லை என்று விட்டுவிடுவதுதான் திட்டத்தின் முதல் பக்கத்திலும் இருக்கிறது என்று ஷெமி அமைதியாகச் சொன்னார்.

சத்தியதாஸ் கையில் வைத்திருந்த அடுத்த ஆயுதத்தை எடுத்தார். பெண்கள் சங்கத்தின் சார்பில் ஒருவர் வந்திருக்கிறார், அவரையும் கேளுங்கள் என்றார்.

சுசீலாபாய் எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவள் ஜினியைப் பார்க்கவில்லை, அச்சனையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"கொச்சம்மா படிக்கப் போனா சங்கம் குலைஞ்சு போவும்னு சொல்லணும்னு பறஞ்சு அச்சன் என்னக் கூட்டிட்டு வந்தாரு" என்றாள். "நான் எதுக்கு வந்தேன்னா, எனக்கும் கொச்சம்மாவக் கண்டா பொறாமையாக்கும். மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. இவங்க மேல மட்டும் இல்ல. வந்த எல்லாக் கொச்சம்மா மேலயும்தான்."

சத்தியதாஸ் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சங்கத்த நடத்துறது நானாக்கும். ஒரு கொச்சம்மா வருவாங்க, நாற்காலியில இருப்பாங்க. ஊரு பழகுறதுக்குள்ள மாத்தம் வந்து போயிருவாங்க. அடுத்த ஆளு வரும், எனக்க மவ பிராயம்தான் இருக்கும், அதும் நேரே நாற்காலியில போய் இருக்கும். நான் வைஸ் பிரசிடெண்டு. செத்தாலும் வைஸ் பிரசிடெண்டு. ஏன்னா நான் அச்சனக் கெட்டல்ல, குலை யாவாரியக் கெட்டுனேன்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அதனால இவங்க படிக்கட்டும். தடுக்காண்டாம். இவங்க போனா சங்கம் குலையாது. நாற்காலி காலியாவும். அதுல ஓட்டுப் போட்டு ஒரு ஆளு இருக்கட்டும். அத சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். சத்தியதாஸ் சாய்ந்த நிலையிலேயே இருந்தார். தாம் கூட்டி வந்த பொறாமை தம்முடைய பொறாமைக்கு வேலைக்காரியாக இருக்கும் என்று நினைத்திருந்தார் பாவம்.

ஜினிக்கு அது உதவியாகத் தோன்றவில்லை, அடியாகத்தான் விழுந்தது. பெயரில்லாதவர்களுக்காகப் பேச வந்தவள் இத்தனை நாளும் இன்னொருத்தியின் இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கடை வாசலில் சுசீலாபாய் அதைச் சொன்னாள். அவளோ பொறாமை என்று ஒதுக்கிவிட்டாள். தன் கணவர் தன்னைப் பற்றி நினைத்ததற்கும் தான் சுசீலாபாயைப் பற்றி நினைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அந்த இடத்தில் அவளுக்கு உறைத்தது.

இதற்கு உங்கள் பதில் என்ன என்று ஞானசிகாமணி முதல் தடவையாக நேராக அவளைக் கேட்டார்.

"இது எனக்க திட்டத்துல இல்ல, சார்" என்றாள் ஜினி. "இருந்திருக்கணும். அக்கா என்கிட்ட சொன்னாங்க. நான்தான் கேக்கல்ல." பிறகு திரும்பி, சுசீலாபாயைப் பார்த்துச் சொன்னாள். "இவங்க காலேஜுல இடம் தந்தாலும் தரல்லன்னாலும் அந்த நாற்காலிய நான் விடுதேன்."

குழு கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னது. தாழ்வாரத்தில் மூன்று பேரும் மூன்று தூணில் சாய்ந்து நின்றார்கள். திரும்ப அழைத்தபோது ஞானசிகாமணி இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாற்காலி கிடைத்தவர்களை மட்டும் பார்க்காமல், கிடைக்காத பெண்களையும் சேர்த்துத் திருத்தி எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது தம்பானூரில் சுசீலாபாய் மூன்று பேருக்கும் டீ வாங்கினாள். ஜினிக்கும் சுசீலாபாய்க்கும் பேசுவதற்குத் திடீரென்று நிறைய இருந்தது. இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சுசீலாபாய்க்கு இன்னமும் பொறாமை இருந்தது; இப்போது அதை வாய்விட்டுப் பேச முடிந்தது, அவ்வளவுதான். சத்தியதாஸ் பஸ் நேரம் கேட்க வேண்டும் என்று விலகிப் போய் நின்றார். தம்மிடம் வந்து ஒருவர், அச்சனுக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டதாமே என்று கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஒரு நினைவு ஓடியது. அதை வெட்கத்தோடு துடைத்துக்கொண்டார். ஆனால் முழுதாகத் துடைக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அவர் சட்டம் பேசினார். பெண்கள் சங்கத்தின் விதிப்படி கொச்சம்மாதான் தலைவி, அதை அவளாக விட முடியாது, மேலிடம் கேட்டால் தாம்தான் பதில் சொல்ல வேண்டும். தம்மை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாள் என்பதைச் சொல்ல முடியாமல்தான் இவ்வளவும் சொன்னார். ஜினி கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

"நாற்காலியத்தான் விடுதேன்" என்றாள். "உங்கள இல்லியே. எதுக்கு இப்பிடிப் பயப்படுதிய?"

அவர் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை எடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருந்தது. மறுநாள் மாலையில் எறும்பு ஏறியது. அதற்கு அடுத்த நாள் டம்ளரைக் காணவில்லை, கழுவிக் கவிழ்த்தியிருந்தது. யார் கழுவியது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

செய்தி சபைக்குள் பரவிவிட்டது. வாலிபர் சங்கச் செயலாளர் பினு உற்சாகமான பையன், எதற்கும் பேனர் அடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்கு ஆட்கள் வரும்போது கோயில் வாசலில் இரண்டு கமுகு மரத்துக்கு நடுவே பேனர் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை அங்கி போட்ட சத்தியதாஸ் அச்சனின் படம் ஆளுயரத்துக்குச் சிரித்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்து. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குத் தேர்வு பெற்ற எங்கள் கொச்சம்மாவுக்கும், அவரை உருவாக்கிய அன்பு அச்சன் சத்தியதாஸ் அவர்களுக்கும் வாழ்த்துகள். கொச்சம்மாவின் படம் கிடைக்கவில்லை என்று பினு சொன்னான். சபையின் வாட்ஸ்அப் குழுவில் எவ்வளவு தேடியும் அவள் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லையாம். பெயரைப் போடலாமா என்று கமிட்டியில் ஒருவரைக் கேட்டானாம். கொச்சம்மாவைப் பேர் சொல்லிப் போடுவது மரியாதையாக இருக்காது என்றாராம்.

சத்தியதாஸ் அங்கியோடு வெளியே வந்து பேனரைப் பார்த்தார். போன சனிக்கிழமை முதல் நெஞ்சில் கிடந்த கல் மெதுவாக நகர்ந்தது. உருவாக்கிய என்ற சொல்லை இரண்டு முறை படித்தார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. கையெழுத்துப் போட்டது யார்? கூட்டிக்கொண்டு போனது யார்? ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் மறுக்காமல் குலுக்கினார்.

ஜினி வந்தாள். சுசீலாபாயும் கூட வந்தாள். மதியம் பெண்கள் சங்கத்தின் கூட்டம் இருந்தது. ஓட்டு எடுப்பதா வேண்டாமா என்று அதில்தான் பேசப் போகிறார்கள். கமிட்டிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சுசீலாபாய் பேனரை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜினி சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் அவள் கண் கலங்கியது உண்மை. கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறவள் நினைவுக்கு வந்தாள். அந்தக் கல்லாவது செத்த பிறகு வைத்தது. ஜினி கைப்பையிலிருந்து போனை எடுத்து, படம் பிடிக்க வாகாகத் தள்ளி நின்றாள்.

மனைவி படம் எடுப்பதைப் பார்த்த சத்தியதாஸுக்கு மனம் இளகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தார். அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, தம்முடைய பெரிய படத்துக்குக் கீழே வந்து நின்று சிரித்தார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றாள் ஜினி. "எழுத்து மறையுது."

"எதுக்குப் படம்?"

"ஆராய்ச்சிக்கு" என்றாள். "எனக்க முதல் சான்று இதாக்கும்."

பினு அருகே வந்து, பேனர் பிடித்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டான். ரொம்பப் பிடித்திருக்கிறது என்று ஜினி சொன்னாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

"இத அவுத்துக் களைஞ்சிராத, பினு. மழை நனையாம மடக்கி வை" என்றாள். "நான் படிச்சு முடிக்கது வரைக்கும் வேணும்."

முதல் மணி அடித்தது. வாசலில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனை இறக்காமல் காத்திருந்தாள். அச்சன் ஒதுங்கி நின்றார்.